எங்கள் வாசலில் நின்ற கார்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சளி இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்கக் கோட்டைக் கோயில் அம்மன் துணை நிற்கட்டும். போனில்தான் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கேழ்வரகு மாவு, புளி, எள்ளுருண்டை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், அதோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். மாவு வந்ததும் டப்பாவில் கொட்டிவிடு, பையிலேயே விட்டால் வண்டு வைத்துவிடும்.

நம் தெருவில் ஒரே ரகளை. பெண்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் சைக்கிளுக்கென்று தனிப்பாதை வருகிறது, அதற்காக நம் வரிசை வீடுகளின் வாசலை ஒட்டி அளந்து கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு உள்ளே கார் நிறுத்தக் கூடாதாம். உனக்குத் தெரியாததா, நம் வரிசையில் எந்த வீட்டிலும் கார் உள்ளே போகிற அளவுக்கு கேட் கிடையாது, எல்லாம் ரோட்டில்தான் நிற்கும், அவரவர் வாசலுக்கு நேரே இருக்கிற ரோடு அவரவர் பாட்டன் சொத்து என்கிற நினைப்பு. லாரி ஷெட் வைத்திருக்கிறாரே மாடி வீட்டுப் பச்சியப்பன், அவர்தான் பாதை வேண்டாம் என்று மனு எழுதி, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினார். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாளில் எல்லோரும் சேர்ந்து போய்க் கொடுத்துவிட்டும் வந்தார்கள். உன் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். நமக்கு இருப்பது ஒரு ஸ்கூட்டர், அதுவும் கேட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது, நீங்கள் எதற்குப் போட்டீர்கள் என்றால், நாலு பேரு போடறப்ப நம்ம வூடு மட்டும் போடலன்னா நல்லா இருக்குமா என்கிறார். நான் போடவில்லை. என் மகள் நெதர்லாந்தில் சைக்கிளில்தான் ஆபீசுக்குப் போகிறாள், அத்தனை பெரிய ஊரிலேயே பாதை விட்டிருக்கும்போது இங்கே விட்டால் என்ன என்று பச்சியப்பன் முகத்துக்கு நேரே கேட்டேன். மனுவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அது நான் ஊருக்குச் சொன்ன காரணம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, வயிற்றெரிச்சல்தான். பக்கத்து வீட்டுச் சோபனா வாசலில் டிரான்ஸ்பார்மர் இருப்பதால் அவள் மகள் கனிமொழி ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் காரை நம் வாசலில்தான் நிறுத்துவாள். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், நான் போட்ட கோலத்தின் மேலேயே டயர் வந்து நிற்கும். கதவைத் திறந்து அவள் குழந்தை குதிக்கும், சோபனா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து அள்ளிக்கொள்வாள். அடுத்த வீட்டு மகள் என் வாசலில் இறங்கி, என் வீட்டைத் தாண்டிப் போவதை வாராவாரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று சொன்னால் உனக்குப் புரியுமா தெரியவில்லை. அதிலும் சோபனா, வாரம் பூரா வேலை செஞ்சு களைச்சுப் போயிருக்கா, வேணாம்னு சொன்னாலும் கேக்கறாளா பாருங்கக்கா, வந்து நின்னுடறா என்று என்னிடம் வந்து அலுத்துக்கொள்வாள். வாய்தான் அலுத்துக்கொள்ளும், முகம் பூரித்துப் போயிருக்கும். என் பேரனை நான் இன்னும் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, போனில் கன்னத்தைத் தொட்டால் கண்ணாடிதான் கைக்குத் தட்டுப்படுகிறது. ஆகவே கோடு போட்ட அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இனி நிறுத்தட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மனுவைப் பார்த்துவிட்டு ஒரு அதிகாரி அம்மா நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். உடனே பச்சியப்பன் ஒரு யோசனை செய்தார். நம்ம தெருவுல எத்தன வண்டி இருக்குதுன்னு அந்தம்மா கண்ணால பாக்கட்டும் என்று, வண்டிகளை எல்லாம் கழுவி, ஆயுத பூஜை போலப் பொட்டு வைத்து மாலை போட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். அதுவும் போதாது என்று நல்லம்பள்ளியில் இருக்கிற மச்சான், பங்காளி வண்டிகளையும் வரவழைத்துவிட்டார். தெருவில் ஆள் நுழைய வழியில்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம் வேறு, பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பெல்லை அடிக்கிறார்கள். அந்த அம்மாவின் ஜீப்பே உள்ளே வர முடியவில்லை. முனையில் இறங்கிப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர், மாலையையும் பார்த்தார், பிள்ளைகளையும் பார்த்தார், இதுக்கு மேல நான் என்னங்க பாக்கணும் என்று பச்சியப்பனிடமே கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்க என்னம்மா சொல்றீங்க என்றார். பாதை வேண்டும் என்றேன், சத்தமாகவே சொன்னேன். சோபனா என்னைப் பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. குழம்புக் கிண்ணம் இரண்டு இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது, கேட்கப் பிடிக்கவில்லை.

இப்போது பச்சையாக பெயிண்ட் அடித்து கம்பம் நட்டாகிவிட்டது. கனிமொழி வராமல் இருந்துவிட்டாளா என்றால் அதுதான் இல்லை. மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் காரை விட்டுவிட்டு, குழந்தையை அவள் புருஷன் தோளில் ஏற்றிக்கொண்டு தெரு முழுக்க நடந்து வருகிறார்கள். வீட்டுக்கு வீடு நின்று கொஞ்சுகிறார்கள். முன்பாவது என் வாசலோடு போயிற்று, இப்போது ஊர்வலம். சோபனா தெருமுனை வரை போய் எதிர்கொண்டு அழைத்து வருகிறாள். எனக்கு எரிச்சல் தணியவே இல்லை, கூடித்தான் இருக்கிறது. அந்தக் கனிமொழி நம் வீட்டைக் கடக்கும்போது, நல்லா இருக்கீங்களா அத்தை, வெண்மதி எப்ப வர்றா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது.

உன் அப்பாவுக்குத் தெரியாமல் எழுத வேண்டும் என்றேனே, அது இதுதான். சனிக்கிழமை வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் அவர் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து கேட் வரைக்கும் போவார். கனிமொழி கார் என்று தெரியும், ஆனாலும் போவார். போய், வாம்மா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து உட்காருவார். அடுத்த வீட்டு மகளுக்கு இத்தனை உபசாரமா என்று நான் கடித்துத் துப்புவேன். இப்போது சத்தம் இல்லை. நேற்று, கனிமொழி குடும்பம் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே, அதே நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தானாக எழுந்து போனார். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து, யாரும் வரல என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வருவதாக யாரும் சொல்லவே இல்லையே வெண்மதி, நான் என்ன பதில் சொல்வேன்.

லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று உன்னை நெருக்கவில்லை. மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், சின்னவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். ஒன்றை மட்டும் மறக்காதே. டிக்கெட் போட்டால் முதலில் என்னிடம் சொல்லாதே, அப்பாவைக் கூப்பிட்டுச் சொல். அவர் வாயால் எனக்குத் தெரியட்டும். அதற்கும் நான் பொறாமைப்படத்தான் போகிறேன், பட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாலம்மாள்