உங்கள் பெயரின் கொக்கி

அக்கா,

இன்று காலை, நான் வேலை செய்யும் வீட்டு அம்மா சின்யோராவின் சட்டைகளை அயன் செய்துகொண்டிருந்தபோது கல் வெட்டுபவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளைப் பளிங்கு, அதில் உங்கள் பெயர். முதலெழுத்தைப் பார்த்ததும் அயன்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றேன். அந்த எழுத்து பிழை. வாழ்நாள் முழுவதும் எந்தப் பிழையோடு மல்லுக்கட்டினீர்களோ, அதே பிழை.

நீங்கள் மேல்மாடியில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டீர்கள். நான் கீழ்மாடியில் சின்யோராவை. துணி உலர்த்தும் மொட்டைமாடியில்தான் பழக்கமானோம். நீங்கள் உக்ரைன், நான் இலங்கையின் பருத்தித்துறை. இடையில் நமக்கு இருந்தது, இருவருக்குமே அரைகுறையான இத்தாலிய மொழி. 'அக்கா' என்றால் என்னவென்று கேட்டறிந்த நாளிலிருந்து வேறெப்படியும் கூப்பிட நீங்கள் விடவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் இப்போது என் தமிழிலேயே எனக்குக் கேட்கிறது.

வியாழன் பிற்பகல் இருவருக்கும் ஓய்வு. பஸ் பிடித்து, பலேர்மோவின் ஓரத்தில் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குப் போவோம். படகுகள் கட்டும் இடத்தில் இருந்து, கொண்டுபோன பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்போம். அங்கேதான் ஒருநாள் ஈர மணலில் விரலால் எழுதிக் காட்டினீர்கள். ஒரு தூண், அதன் தலையிலிருந்து வலப்பக்கம் நீளும் ஒரு கை: Г. இது காற்றோடு வரும் 'ஹ'. அந்தக் கையின் நுனியில் மேல்நோக்கி ஒரு சின்னக் கொக்கி போட்டால் Ґ. 'தங்கம்' என்னும்போது வரும் 'க' அது. உங்கள் குடும்பப் பெயர் அந்தக் கொக்கியில்தான் தொடங்குகிறது.

"ஜார் மன்னர் காலத்திலை எங்கட மொழியிலை புத்தகம் அடிக்கவே தடை," என்றீர்கள். "பிறகு சோவியத் காலத்திலை இந்த எழுத்தையே தூக்கி எறிஞ்சாங்கள். ரஷ்ய மொழியிலை இல்லாத எழுத்து உங்களுக்கு என்னத்துக்கு எண்டு."

உங்கள் அப்பா விடவில்லை. வீட்டில் பெயரெழுதப் பழக்கியபோது கொக்கியோடுதான் பழக்கினார். பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதினீர்கள்; ஆசிரியை சிவப்பு மையால் கொக்கியை வெட்டினார். மறுநாளும் எழுதினீர்கள், மறுநாளும் வெட்டினார். அப்பாவை அழைத்து மிரட்டினார்கள். அதன்பிறகு வெளியில் கொக்கி இல்லாமலும் வீட்டுக்குள் கொக்கியோடும் இரண்டு பெயராக வளர்ந்தீர்கள். நாடு விடுதலையாகும் தறுவாயில் அந்த எழுத்து நெடுங்கணக்குக்குத் திரும்பிவந்தபோது உங்கள் மடியில் மகன் இருந்தான். அதைப் பார்க்க அப்பா இல்லை.

ஆனாலும் கடவுச்சீட்டில் கொக்கி இல்லாத எழுத்தையே போட்டுவிட்டார்கள். லத்தீன் எழுத்தில் அது H ஆகிவிட்டது. இத்தாலியர் வாயில் H-க்கு ஒலியே கிடையாது. பலேர்மோவில் உங்கள் பெயர் தலையில்லாமல் திரிந்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் விசா அலுவலுக்குக் காத்திருந்தபோது உங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் எழும்பவில்லை. நான் முழங்கையால் இடித்தேன்.

"அது என்ரை பேரில்லை. என்ரை பேரைக் கூப்பிடட்டும், எழும்புறன்."

அன்று அலுவல் முடியாமலே திரும்பினோம். வழியெல்லாம் நான் உங்களோடு கோபம். நீங்களோ தூதரகத்துக்கு அலைந்து அலைந்து, கடவுச்சீட்டைத் திருத்தித்தான் ஓய்ந்தீர்கள்.

பிறகு போர் வந்தது. படைவயது ஆண்களுக்குத் தடை என்பதால் மகனால் நாட்டைவிட்டு வெளியேற முடியவில்லை. ரஷ்யப் படைகள் பிடித்த ஊர்களில், உங்கள் மொழிக்கே உரிய ї என்ற எழுத்தை ஆட்கள் சுவர்களில் வரைந்துவிட்டுப் போகிறார்கள் என்ற செய்தியை எனக்குக் காட்டினீர்கள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் உங்கள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். "ஓரெழுத்துக்கே பயப்பிடுறாங்கள், பார்."

இந்த மாரியில் நோய் உங்களைக் கொண்டுபோனது. உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. போருக்கு முன் இங்கே வந்து நின்ற நாட்களில் பழகிய கொஞ்ச இத்தாலிய மொழியில் உங்கள் மகன் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவின்ரை பேரைச் சரியா எழுதச் சொல்லுங்கோ."

சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். கல் வெட்டுபவரோ தன் கணினியில் இருந்த ரஷ்ய எழுத்துகளால் வெட்டியிருந்தார். பிற்பகல், கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருக்கும் அவருடைய பட்டறைக்குப் போனேன். நீங்கள் பார்த்துக்கொண்ட முதியவரின் மகளும் வந்திருந்தா. கல்லை உங்களுக்காகச் செய்வித்தவ அவதான்; நல்ல மனுசி. என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டா: "இஞ்சை இதை ஆர் வாசிக்கப்போகினம்?"

"நான் வாசிப்பன்," என்றேன்.

கல் வெட்டுபவர் தலையை ஆட்டினார். வெட்டியதை அழிக்க ஏலாதாம், புதுக் கல்தான் வேண்டுமாம். அதோடு, அப்படி ஓர் எழுத்தே இல்லை என்றும் சொன்னார்.

"இருந்தது. பறிச்சாங்கள். திரும்பி வந்தது. இனி நீங்கள் பறிக்காதேங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அங்கே கிடந்த சோக்குக் கட்டியை எடுத்து, Г-யின் கை முடியும் இடத்தில் மேல்நோக்கி ஒரு சின்னக் கோடு இழுத்தேன். "புதுக் கல் வேண்டாம். இவ்வளவுதான்."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். பிறகு உளியைக் கையில் எடுத்தார்.

கையால் வெட்டிய கொக்கி, இயந்திரம் வெட்டிய எழுத்துகளைவிடக் கொஞ்சம் ஆழம். உற்றுப் பார்த்தால் தெரிகிறது. தெரியட்டும், அக்கா. படத்தை உங்கள் மகனுக்கு அனுப்பினேன். வேறொன்றும் எழுதாமல், உங்கள் பெயரை மட்டும் எழுதி அனுப்பினான்.

புறப்படும்போது கல் வெட்டுபவர் என்னைப் பார்த்து, "சிங்களேசே?" என்று கேட்டார். எங்கள் தீவிலிருந்து வந்த எல்லோருக்கும் இந்த ஊரில் 'சிங்களவர்' என்றுதான் பெயர். எத்தனை பேரிடம் போய் விளக்குவது என்று நாங்களும் விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் உங்களோடு இருந்து இருந்து உங்கள் வீம்பு என்னிலும் ஒட்டிவிட்டதே.

"இல்லை. தமிழ்," என்றேன்.

"தமில்," என்றார்.

நாக்கை மேலே மடித்துச் சொல்லிக் காட்டினேன். திரும்பவும் "தமில்" என்றார். வெளியே என் பஸ் வந்து நின்றது. பஸ் போகட்டும் என்று விட்டுவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.