பின்னால் 'டு' இல்லாத ஹேவ்

1958 ஏப்ரல் 9, புதன்

ஈஸ்டர் முடிந்து மூன்று நாள். பங்களா மெத்தைகளை எல்லாம் மாடியில் வெயிலில் போட்டேன். சீசனுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். பதினாலு வருஷமாக இந்தப் பங்களாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் குற்றாலத்துக் குரங்கு ஒன்றுகூட எனக்குப் பயந்ததில்லை. இன்றைக்கு ஒன்று புதுச் சோப்பைத் தூக்கிக்கொண்டு போய், கடித்துப் பார்த்துவிட்டு, என் தலையிலேயே எறிந்தது.

மத்தியானம் கொல்லத்திலிருந்து கடிதம். பெரிய முதலாளி தை மாதம் காலமான பிறகு வருகிற முதல் கடிதம். அவருக்குத் தமிழ் எழுத வராது, எனக்கு மலையாளம் வாசிக்க வராது. அதனால் எங்களுக்கு நடுவே எப்போதும் இங்கிலீஷ். இப்போது மகனும் அப்படியே எழுதியிருக்கிறார். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் பிடிபடாது. நாளைக்குத் தென்காசிக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 10

பேச்சிமுத்து அண்ணாச்சி வக்கீல் குமாஸ்தா. இந்தப் பக்கத்துக்கு வருகிற இங்கிலீஷ் கடிதம் முக்கால்வாசி அவர் மூக்குக் கண்ணாடி வழியாகத்தான் தமிழாகும். கடகடவென்று இங்கிலீஷில் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பங்களாவை மதுரைக்காரருக்கு வித்தாச்சாம். மே முப்பத்தொண்ணாந்தேதி சாவியக் குடுக்கணும். அவுட்ஹவுஸ் உனக்குக் கெடயாது, விட்டுப் போகணும். அப்பொறம் ஒண்ணும் கேக்கவும் கூடாதுன்னு போட்டிருக்கான்."

அவுட்ஹவுஸ் என்பது பங்களாவுக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கிற வீடு. இரண்டு அறை, ஒரு கிணறு. அந்தக் கிணற்றை நானும் என் வீட்டுக்காரர் ஏசுவடியானும்தான் தோண்டினோம். அவர் கீழே, நான் மேலே.

பஸ்ஸில் வரும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. எதற்குப் போக?

ஏப்ரல் 21

என் வீட்டுக்காரர் மேலகரத்தில் தன் தங்கை வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்து, "பூசி மெழுகினா இருந்துக்கிடலாம்" என்கிறார். அவரைக் கோபிக்கவும் மனம் வரவில்லை.

மறுபடியும் அண்ணாச்சியிடம் போனேன். சின்ன முதலாளிக்கு ஒரு மனு எழுதித் தாருங்கள், ஒரு சீசனாவது இருந்துகொள்கிறோம் என்று கேட்டேன். "கேக்கக் கூடாதுன்னுல்லா எழுதியிருக்கான்? கேட்டா கோவம் வந்துரும். வேண்டாம்" என்றார். கேட்பதற்குக்கூட எனக்கு வாய் கிடையாதா? கேட்கக் கூடாது என்று சொன்னவனிடமே கேட்பேன். என் கையால் எழுதிக் கேட்பேன்.

ஏப்ரல் 23

சாவி கொடுக்கும் முன் அலமாரிகளைத் துடைத்தேன். மேல்மாடி அறையில், போன சீசனுக்கு வந்த யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். தமிழில் விளக்கம் போட்டது, முப்பது பாடம். அட்டையை மட்டும் எலி தின்றிருக்கிறது. விலாசம் இருந்தால் அனுப்பிவைப்பேன். இல்லை. ஆண்டவரே கொடுத்தார் என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 29

ஐ ஹேவ் எ கௌ. ஷீ ஹேஸ் எ கோட். பசு என்னுடையது, ஆடு அவளுடையது. நான் என்றால் ஹேவ், அவள் என்றால் ஹேஸ். ஏன் என்று புத்தகத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று வேடிக்கை. நாம் 'எனக்கு ஒரு பசு இருக்கிறது' என்கிறோம். பசு இருக்கிறது, நாம் ஓரமாக நிற்கிறோம். அவர்களோ 'ஐ' என்று முன்னால் வந்து நிற்கிறார்கள், அதுவும் பெரிய எழுத்தில். வெட்கமே கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 6

மஸ்ட் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். மஸ்ட் நாட் என்றால் செய்யவே கூடாது. வீட்டில் பழகிப் பார்த்தேன். அவர் வெற்றிலையைக் கிணற்றடியில் துப்பப் போனார். "யு மஸ்ட் நாட் ஸ்பிட்!" என்று ஒரு சத்தம் போட்டேன். அப்படியே விழுங்கிவிட்டார்.

"என்னட்டி திட்டுத?"

"திட்டல. துப்பக் கூடாதுன்னு சொன்னேன்."

"தமிழ்ல சொன்னா துப்பியிருப்பேன்" என்றார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதமாகிறது.

மாலையில் அட்டையில் 'மங்கீஸ் மஸ்ட் நாட் கம்' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். குரங்குக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார். தமிழ் மட்டும் தெரிகிறதா?

மே 7

அட்டையைத் தின்றுவிட்டது.

மே 14

பதினெட்டாம் பாடம். இங்கேதான் தலை சுற்றியது. ஐ ஹேவ் எ லெட்டர் - என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. ஐ ஹேவ் டு ரைட் - நான் எழுதியாக வேண்டும். அதே ஹேவ்தான். பின்னால் ஒரு 'டு' வந்து ஒட்டிக்கொண்டதும் உடைமை போய்க் கடமை வந்துவிட்டது! இரண்டு நாளாகப் புரியவில்லை. இன்று அம்மியில் அரைக்கும்போது புரிந்தது. வெறும் ஹேவ் கையில் இருக்கிறது. ஹேவ் டு தலையில் இருக்கிறது.

மே 19, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இன்று பத்தொன்பதாம் பாடம். யு டு நாட் ஹேவ் டு கம். நான் 'உன்னிடம் இல்லை, நீ வர வேண்டும்' என்று எழுதிவிட்டுக் கீழே விடையைப் பார்த்தேன். 'நீ வர வேண்டியதில்லை' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இது மஸ்ட் நாட் அன்று. தமிழில் வேண்டாம் என்று ஒன்றாகச் சொல்வதை இங்கே பிரித்து அறிக.

ஆமாம், 'போக வேண்டாம்' என்று நாம் சொன்னால் போகாதே என்றும் ஆகும், போக அவசியமில்லை என்றும் ஆகும். இங்கிலீஷ்காரன் இரண்டையும் தனித்தனிச் சட்டியில் வைத்திருக்கிறான்.

அந்த வரியை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பைபிளுக்குள் வைத்திருந்த கடிதத்தை எடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

யு ஹேவ் டு ஹேண்ட் ஓவர் தி கீஸ் ஆஃப் தி பங்களா. சாவியைக் கொடுக்க வேண்டும். சரி.

யு டு நாட் ஹேவ் டு லீவ் தி அவுட்ஹவுஸ்.

டு நாட் ஹேவ் டு. ஐயோ அண்ணாச்சி! 'டு நாட் ஹேவ்' என்றதும் நிறுத்தி, உனக்கு இல்லை என்றீர். மிச்சத்தைப் பிய்த்து, விட்டுப் போகணும் என்றீர். நானும் இன்று அதே தப்பைத்தானே செய்தேன்! விட்டுப் போக வேண்டியதில்லை, வேண்டியதில்லை, வேண்டியதில்லை!

அடுத்த வரி: தி பையர் மஸ்ட் நாட் ஆஸ்க் யு டு லீவ். பையர் யார் என்று தெரியாமல் பின்பக்க அகராதியைப் புரட்டினேன். வாங்குகிறவர். கேட்கக் கூடாதது நான் இல்லை, மதுரைக்காரர்! எங்களைப் போகச் சொல்லி அவர் கேட்கக் கூடாது.

கிணற்றடிக்கு ஓடினேன். இந்தத் தடவை அழுதது வேறு அழுகை.

மே 21

அண்ணாச்சியிடம் காட்டினேன். "இருவத்தஞ்சு வருஷமா வாசிக்கேன். நீ இருவத்தஞ்சு நாள் படிச்சிட்டு எனக்குச் சொல்லுதியா?" என்றார். கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் நம்பிக்கை இல்லை. "பெரியவங்க வாசிச்சது தப்பாவா இருக்கும்?" என்கிறார். தப்பாக இருக்கும். இருக்கிறது.

மே 30

என் வீட்டுக்காரர் வண்டியில் சாமான் ஏற்றுகிறார். ஏற்றட்டும். நான் அம்மியைக் கொடுக்கவில்லை.

மே 31, சனி

காலை பத்து மணிக்கு மதுரைக்காரரின் ஏஜெண்டு வந்தார். மைதீன் என்று பெயர், பி.ஏ. படித்தவராம். சாவி வாங்கிய சீட்டு எழுத அண்ணாச்சியையும் கூட்டி வந்திருந்தார். சாவிக்கொத்தைக் கொடுத்தேன். மைதீன் வண்டியைப் பார்த்துவிட்டு, "அவுட்ஹவுஸ் சாவி?" என்றார்.

"அது கெடயாது."

"காலி பண்ணுதாங்கன்னு இவர் சொன்னாரே?"

"இவர் சொன்னார். கடிதம் சொல்லல."

அண்ணாச்சி பல்லைக் கடித்தார். "ஏ ரெபேக்கா, வெளியூர்க்காரர் முன்னால மானத்த வாங்காத."

நான் கடிதத்தைப் பிரித்து சத்தமாக வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. 'டு நாட் ஹேவ் டு' வந்தபோது நான்கு சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன். "போக வேண்டியதில்ல. போகச் சொல்லி நீங்க கேக்கவும் கூடாது. மஸ்ட் நாட்."

மைதீன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். தன் பைக்குள்ளிருந்த பத்திர நகலை எடுத்து அதையும் பார்த்தார்.

"அம்மா சொல்லுததுதான் சரி. பத்திரத்துலயும் அவுட்ஹவுஸத் தள்ளித்தான் எழுதியிருக்கு. நாந்தான் கவனிக்கல" என்றார். அப்புறம், "எந்தக் காலேஜும்மா?" என்று கேட்டார்.

"எலி தின்ன காலேஜ்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. போகட்டும்.

அண்ணாச்சி சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து சாமானை இறக்க ஆரம்பித்தார். இறக்கினார், இறக்கினார், இறக்கிக்கொண்டே சிரித்தார். கட்டிலைப் போட்ட இடத்திலேயே போட்டோம். ஜெயித்துவிட்டேன்! ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறது: ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சாரல் ஆரம்பித்துவிட்டது. கோயிலுக்குப் போனேன். பாட்டுப் புத்தகம் இல்லாமலே பாடினேன்.

ஜூன் 11

அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்தார். காபி கொடுத்தேன். குடித்து முடித்தார். பிறகு மடியிலிருந்து யாரோ ஒருவரின் கடிதத்தை எடுத்தார்.

"இதுல ஒரு ஹேவ் வருது. பின்னால 'டு' இருக்கா இல்லியான்னு பாத்துச் சொல்லு. கண்ணாடி மங்கிட்டு."

கண்ணாடி பளபள என்று இருந்தது. பார்த்துச் சொன்னேன்.

"இத்தன வருஷத்துல எத்தன பேர வீட்ட விட்டு அனுப்பினேனோ" என்றார் எழுந்திருக்கும்போது. பாவமாக இருந்தது. அடுத்த தடவை வரும்போது புத்தகத்தைக் கொடுக்கிறேன் என்றேன். முப்பது பாடமும் முடிந்தபிறகுதான்.

ஜூன் 15, ஞாயிறு

மனு எழுதக் கற்ற இங்கிலீஷ். மனுவுக்குத் தேவையில்லாமல் போய்விட்டது. ஆனாலும் சின்ன முதலாளிக்குப் பதில் எழுத வேண்டாமா? எழுத வேண்டும், மஸ்ட். நான்கு தாள் கிழித்தபின் ஐந்தாவதில் சாவி கொடுத்ததை ஒரு வரி, நன்றியை ஒரு வரி எழுதினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "இன்னும் எடம் கெடக்கே, எதாவது எழுதேன்" என்றார். எழுதினேன். என்ன எழுதினாய் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"ஐ ஹேவ் எ ஹவுஸ்."

"அர்த்தம்?"

சொன்னேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உறையை ஒட்டும் முன், ஹேவுக்குப் பின்னால் 'டு' இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இல்லை.