தலைவலியாம், தூக்கம் வரலையாம்

மே 12, திங்கள்

நாளை ஜப்பானிய மொழி வகுப்பில் ‘தனோ’ நடத்த வேண்டும். அடுத்தவர் சொன்னதை ஒவ்வொன்றாக அடுக்கி, சலிப்போடு திருப்பிச் சொல்ல உதவும் சொல். எடுத்துக்காட்டுக்கு எங்கும் போக வேண்டாம். நேற்று ஒசாகாவிலிருந்து போன் செய்த என் மகள் சினாத்சுவிடம் நானே சொன்னேன்: “தலைவலியாம், தூக்கம் வரலையாம், மேனேஜர் திட்டுறாராம். வேலைன்னா அப்படித்தான், சினாத்சு.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டாள்.

மே 13

நகர மன்றத்தில் ஏழு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த வாக்கியத்தையே பலகையில் எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். நேபாளத்து சுஷீலா கேட்டாள்:

“டீச்சர், அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே தலைவலியா?”

“இருக்கலாம். சொல்றவங்க அதை நம்பலை. அதுக்குத்தான் இந்தச் சொல்.”

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். எனக்கு அதற்குமேல் பாடம் ஓடவில்லை.

மே 14

மூன்று முறை கூப்பிட்டும் சினாத்சு எடுக்கவில்லை. இவர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், “வேலையில இருப்பா. நீ ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?” என்கிறார்.

சுற்றாமல்?

மே 15

அவள் அலுவலகத்துக்கே போன் செய்தேன். இரண்டு வாரமாக வேலைக்கு வரவில்லையாம். அப்படியானால் ஞாயிறன்று பேசியபோதே— அதை என்னிடம் சொல்லத்தான் கூப்பிட்டாளா? நான் சொல்ல விட்டேனா?

காலையில் முதல் ரயில்.

மே 16, ஒசாகா

நாலு தடவை மணி அடித்த பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே திரை மூடியிருந்தது. கடையில் வாங்கிய சோற்று உருண்டைகள் உறை பிரிக்காமலே தரையில் கிடந்தன.

“எதுக்கும்மா வந்த?”

ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. “நீ சொன்னப்போ நான் நம்பலை. தப்பு என்னுதுதான்.”

அவள் கதவுச் சங்கிலியை மட்டும் கழற்றினாள்.

மே 20, குராஷிகி

மருத்துவர் மூன்று மாத ஓய்வு எழுதிக் கொடுத்தார். இங்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மாடி அறையிலேயே இருக்கிறாள், பேச்சே இல்லை. மாடிப்படி பக்கம் காதை வைத்துக்கொண்டே சமைக்கிறேன்.

மே 27

அதே.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து, தானும் ஒரு கை அள்ளிக்கொண்டாள். பிறகு மேனேஜரில் ஆரம்பித்து, கழிவறையில் போய் அழுதது, பிளாட்பாரத்தில் கால் நகராமல் நின்றது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் இங்கே எழுத முடியவில்லை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டாணி தீர்ந்தும் கூடைக்குள் என் கை துழாவிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, கேக்குறியா?” என்றாள்.

“கேக்குறேன். சொல்லு.”