மீசை முளைத்த கிரீம்

மஸ்கட்

அன்புள்ள சகாயமேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். உன் முழங்கால் வலியும் மகள் ஆஷ்லினின் கோபமும் குறைந்தனவா? என் குரல் கேட்டதும் போனை உன் கையில் திணித்துவிட்டு ஓடுகிறாளே!

கோவில் திருவிழாவில் விற்க அவள் செய்யும் கற்றாழை கிரீமில் மெழுகு, மருந்து எதுவுமே கூடாது என்று, பத்தாவதில் சயின்ஸில் முப்பத்தாறு வாங்கிய நான் தடைபோட்டேன் அல்லவா? என் முறைப்படி ஒரு டப்பாவும் அவள் முறைப்படி ஒரு டப்பாவும் அனுப்பியிருந்தாள். என் டப்பாவில் மூன்றாம் நாளே எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. பத்தாம் நாள் அறையில் உடன் இருக்கும் திருமங்கலம் சிவனாண்டி கத்தினான்: "அண்ணே, ஒங்க கிரீமுக்கு மீசை மொளச்சிருச்சு! எனக்குக்கூட இம்புட்டு வரல!"

பார்த்தால் பூஞ்சை. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடிக்கும் மெழுகும், கெடாமல் காக்கும் மருந்தும் அளவாகச் சேர்த்த அவள் டப்பாவோ வெண்ணெய் மாதிரியே இருந்தது. அறையே பூசித் தீர்த்துவிட்டது.

நான் தோற்றேன். அவள் இஷ்டப்படியே செய்து விற்கட்டும். லீவில் ஊருக்கு வரும் சிவனாண்டி இங்கே திரும்பும்போது இன்னொரு டப்பா கொடுத்தனுப்பு. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கிரீமை எப்படிப் பூசுவதென்று ஆஷ்லினையே போனில் சொல்லச் சொல். எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் அவள் சொல்லட்டும்.

ஆரோக்கியநாதன்