குளிர்ந்த மொட்டைமாடியில் காயாத வடாம்

அனுப்புநர்:
ப. சங்கர்ராம், எம்.எஸ்சி.,
செயலாளர், வரிசை வீட்டு உரிமையாளர் சங்கம்,
மட்டாஞ்சேரி, கொச்சி – 682 002.

பெறுநர்:
திட்ட அலுவலர்,
குளிர்கூரை மற்றும் சிறுதொழில் காலநிலை உதவித் திட்டம்,
தோப்பும்படி, கொச்சி.

பொருள்: மொட்டைமாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு பூசியதால் திருமதி கமலாக்ஷியின் வடாம் தொழில் நின்றுபோனமை – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 09.07.2024: தங்கள் கணக்கெடுப்பாளர் கொட்டும் மழையில் எங்கள் வரிசையின் நான்கு வீடுகளுக்கும் வந்தார். "மாடி பயன்பாட்டில் இல்லை" என்று பதிவு செய்தார். அந்த மழையில் கொச்சியில் எவருடைய மாடியும் பயன்பாட்டில் இராது.

2. 18.01.2025: நான்கு மாடிகளுக்கும் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசப்பட்டது. உரிமையாளர்கள் நால்வரும் சம்மதக் கையொப்பம் இட்டோம். அந்த மாடிகளில் தொழில் நடத்துபவரைத் தாங்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

3. 03.02.2025: கமலாக்ஷி இட்ட வடாம் முழுவதும் அடிப்பக்கம் காயாமல் புளித்துப்போயிற்று. அடுத்து இட்டதும் அவ்வாறே.

4. 14.02.2025: தங்கள் திட்டத்தின் சிறுதொழில் பிரிவில் சூரிய உலர்த்தி கேட்டு அவர் அளித்த விண்ணப்பம் என் முன்னிலையிலேயே நிராகரிக்கப்பட்டது.

5. 01.03.2025: எங்கள் தெருமுனையில், பூச்சு பூசிய அன்று எடுத்த என் புகைப்படத்துடன், "எங்கள் வீடு குளிர்ந்தது" என்னும் விளம்பரப் பலகை நிறுவப்பட்டது. என்னிடம் அனுமதி பெறப்படவில்லை.

கமலாக்ஷி எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர். தை பிறந்ததிலிருந்து மழை தொடங்கும்வரை அரிசி வடாமும், மோர்மிளகாயும், பாகற்காய்க் கொண்டாட்டம் என்னும் வற்றலும் இட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். அவர் மகள் ஸுப்ரியா தேவராவில் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. எங்கள் நான்கு மாடிகளும் இடுப்பளவுச் சுவரால் மட்டுமே பிரிக்கப்பட்டவை. வெயில் நகர நகர, சுவரைத் தாண்டித் தாண்டி வேட்டித் துணியை விரித்துக்கொண்டே போவது எங்கள் வரிசைப் பெண்களின் வழக்கம். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத உரிமை என்பதால், சம்மதம் கேட்க வேண்டிய ஆளாக அவர் எங்கள் எவர் கண்ணிலும் படவில்லை.

வடாம் வெயிலில் மட்டும் காய்வதில்லை. சுடும் தளத்திலும் காய்கிறது. தங்கள் பூச்சு தளத்தைக் குளிர்வித்துவிட்டது. அதாவது, திட்டம் சொன்னதைச் செய்தது. அதை நான் மறுக்கவில்லை. மார்ச் மாதப் பகலில் என் படுக்கையறையில் மின்விசிறியைக் குறைத்து வைக்கிறேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட அன்று தங்கள் ஊழியர் சிரித்துக்கொண்டே கூறிய சொற்களை மாற்றாமல் தருகிறேன்: "சேச்சி, வடாம் இடறது வீட்டுப்பணியல்லே? இது எங்ஙனே பிசினஸ் ஆகும்? வேற யாருடெயாவது டெரஸ் நோக்கு." பின்னால் காத்து நின்றவர்களும் சிரித்தார்கள். கமலாக்ஷி காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "அண்ணா, உங்காத்துலே இப்போ நன்னா குளிர்றதோல்யோ? அது போரும்."



இப்போது அவர் கடைகளுக்குச் சென்று, சரக்கு இல்லை என்று சொல்லிவர, பலகையிலுள்ள என் சிரித்த முகத்தைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. நான் பின்சந்து வழியாக வெளியே போகிறேன். ஐம்பத்தாறு வயதில், பிறந்து வளர்ந்த தெருவில், ஒரு பலகைக்குப் பயந்து ஒதுங்கி நடக்கும் நிலையில் என்னைத் தங்கள் அலுவலகம் வைத்திருக்கிறது.

பூமி சூடாவதை நான் அறிவேன். அதைத் தணிக்கும் திட்டங்கள் வேண்டும் என்று சங்கக் கூட்டங்களில் பேசியவனும் நானே. ஒரு வீட்டைக் குளிர்விக்க இன்னொரு வீட்டின் அடுப்பை அணைப்பதை அந்தத் திட்டங்களின் பட்டியலில் சேர்க்கத் தாங்கள் துணியலாம். என் கையொப்பத்தை அதற்குப் பயன்படுத்த உரிமையில்லை.

எனவே, விஷுவுக்கு முன் கமலாக்ஷிக்குச் சூரிய உலர்த்தி வழங்குமாறு கோருகிறேன். அது இயலாதெனில், ஐந்தாண்டுகளுக்குப் பூச்சைத் தொடக்கூடாது என்னும் சம்மதப் படிவ நிபந்தனையிலிருந்து என் மாடியை விடுவித்து ஆணையிட வேண்டும். நானே அதைச் சுரண்டி எடுத்துக்கொள்கிறேன். என் வீடு பழையபடி வெந்தால் வேகட்டும். எவ்வாறாயினும் அந்தப் பலகை உடனே அகற்றப்பட வேண்டும்.

எனக்கு மலையாளம் தெரியும். மலையாளப் பிரதியையும் இணைத்துள்ளேன். தமிழில் எழுதியது, தன் பொருட்டு நான் என்ன எழுதினேன் என்பதைக் கமலாக்ஷி வாசித்துச் சரிபார்ப்பதற்காக. இம்முறை அவரைக் கேட்டுவிட்டே அனுப்புகிறேன்.

28.03.2025 மாலைக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வந்து சேர வேண்டும். தொலைபேசி விளக்கமும், ஆள் அனுப்பிச் சொல்லும் சமாதானமும் ஏற்கப்படமாட்டா. பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். உறையின்மேல் "திருமதி கமலாக்ஷி, வடாம் – கொண்டாட்டம் உற்பத்தியாளர்" என்று எழுதி, அவர் கையில் சேர்ப்பிக்க வேண்டும்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 12.03.2025

(ஒப்பம்)
ப. சங்கர்ராம்