பொம்மைகளுக்குப் புதுப் பாவாடை

தீபாவளிக்கு முதல் நாள், வியாழன்.

இன்று பார்வதியிடம் பொய் சொல்லிவிட்டேன். பார்வதி என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் இந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. பலகாரம் சுடக்கூடாது. அவள்தான் செனாவாங்கிலிருந்து மோட்டாரில் முறுக்கு கொண்டு வந்தாள்.

அலமாரிக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். பகாவ் பாசாரில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த பதினொரு பொம்மைகளும் புதுப் பாவாடையில் நின்றன. பொங்கலுக்கும் சித்திரைக்கும் தீபாவளிக்கும் தைத்துப் போடுவது என் வழக்கம். இந்த வருடமும் கை சும்மா இருக்கவில்லை. துணி ஓரத்தில் மஞ்சள்கூட வைத்திருந்தேன்.

"என்ன அண்ணி, அண்ணன் போயி ஒரு வருசம் ஆவல, இதுங்களுக்குத் தீவாளியா?"

"ஆர்டர்லா, பார்வதி. பகாவ்ல ஒரு கடைக்காரி கேட்டா."

"ஆர்டருக்கு யாரு மஞ்சள் வெப்பா?"

"அவதான் வெக்கச் சொன்னா."

நம்பிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் இருந்தா உங்கள இப்படி ஊருக்குத் தைக்க விடுமா அண்ணி" என்று அழுதாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் போன பிறகு துணிகளைக் கழற்றப் போனேன். மனம் வரவில்லை.

ஆர்டர் இல்லை என்று நாளைக்கே போன் போட்டுச் சொல்லிவிடலாம். திட்டுவாள், கேட்டுக்கொள்வேன். ஆனால் தைத்த அந்த மூன்று நாளும் அவர் நினைப்பே எனக்கு வரவில்லை. பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?