சப்பாத்து என்று நீ சொன்ன காலை

மச்சான்,

செவன் ஹில்ஸில் நம் யாவாரச் சாமான் அடுக்கிய ஸ்டோருக்குப் பின்னால் நின்ற நம் பழைய டெலிவரி வானை நேற்று விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் ரேடியோ வேலை செய்யுமா என்று கேட்க, சாவியைத் திருகினேன். உள்ளே கிடந்த சிடி பாடத் தொடங்கியது. எலெக்ட்ரிக் கிட்டார் அலற, அடியில் அவர்கள் ஊர்க் கொட்டு துள்ள, உனக்குப் பிடித்த அந்த ஸ்பானிஷ் பாட்டுக்காரன். சட்டென்று நிறுத்தினேன். என் முகத்தைப் பார்த்த மனிதர், வானில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

ஃபெயார்ஃபீல்டில் நாம் தேங்காய்ப்பால் கொண்டுபோய் விற்ற கடையின் சிலி நாட்டுக்காரர் தந்த சிடி அது. தங்கள் ஊரின் பழைய ஆட்டப் பாட்டுகளை ரொக் இசையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். எனக்குத் தலையிடி. உனக்கோ கொண்டாட்டம்.

"டேய், இவன் எங்கடை பாஷையெல்லோ பாடுறான்! கொசினா எண்டுறான், மேசா எண்டுறான். குசினிச் சாமானை ஏலம் போடுறான் போலை!"

"உனக்கு விசர். ரோட்டைப் பார்."

அடுக்களைக்கு நாம் சொல்லும் குசினி, மேசை என்று போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொற்களுக்கு ஸ்பானிஷிலும் உறவுக்காரர் இருந்தார்கள், அவ்வளவுதான். நீயோ பொருள் தெரியாமலே முழு சிடியையும் பாடமாக்கிவிட்டாய்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் உனக்கு விளங்கியது. திருப்பிச் சொல்லத்தான் சொல் வரவில்லை. ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு வந்தால், கட்டிலில் இருந்து நீ ஸ்பானிஷில் பாடிக்கொண்டிருக்கிறாய்! அதைக் கேட்ட நேர்ஸ், அதுதான் உன் தாய்மொழி என்று நம்பி, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார். அந்த அம்மா மூச்சுவிடாமல் பேச, நீ என்னைப் பார்த்து முழித்தாய்.

"இவர் யாழ்ப்பாணத்தார். ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது" என்றேன்.

"எங்கள் ஆட்களைவிடத் திருத்தமாகப் பாடுகிறாரே" என்றார் அவர். பாதி வாயால் நீ சிரித்தாய். விழுந்த பிறகு சிரித்த முதல் சிரிப்பு.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அதைப் பிடித்துக்கொண்டார். பேச்சு போனாலும் பாட்டு மிஞ்சுவதுண்டு, அதன் வழியே சொல்லைக் கூப்பிடலாம் என்றார். ஒற்றைக் காலணியோடு ஆட வருகிறவனின் பாட்டு ஒன்று அந்த சிடியில் இருந்தது. காலணியைச் சொல்லும் 'சபாத்தோ' என்ற சொல்லுக்குச் சற்று முன்னே நான் பாட்டை நிறுத்த வேண்டும். மிச்சத்தை நீ முடிக்க வேண்டும்.

என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே. நீ வாயைத் திறந்தாலே, "தண்ணியே? தலகாணியே? ரொய்லெற்றே?" என்று அடுக்குவேன். உன் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணை, யாவாரத்துக்குச் சாமான் காட்டுற மாதிரி அவருக்குச் சொல்லைக் காட்டாதேங்கோ. அவரே எடுக்கட்டும்."

வாயைப் பொத்தினேன். நாள்கள் போயின. நீ இனிப் பேசவே மாட்டாய் என்று வெளியே கார் பார்க்கில் நின்று அழுதிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் காலை பாட்டை நிறுத்தினேன். "சபா..." என்று தொடங்கி நின்றுவிட்டாய். சொல் என் நாக்கு நுனியில், கடித்துக்கொண்டேன். உன் கண் கட்டிலுக்குக் கீழே போனது.

"சப்... பாத்து."

அது பாட்டுக்காரனின் சொல் அல்ல. காலணிக்கு நம் ஊரில் சொல்வது, நம்முடையது. உன் மனைவி குனிந்து சப்பாத்தை எடுத்து உன் காலில் மாட்டினாள். அடுத்து என்ன வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு கதவைப் பார்த்து, "வீட்டை" என்றாய்.

வீட்டுக்குப் போனாய். பக்கவாதம் இரண்டாம் தடவை வரும்வரை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்தாய். கடைசியாக நான் வந்த ஞாயிறு, வாசலில் நின்ற எனக்கு விடை கொடுக்க வாயைத் திறந்தாய். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "போட்டு... வா... மச்சான்." முழுதாகச் சொன்னாய்.

என் மகள் என்னோடு இங்கிலிஷில்தான் பேசுவாள். இடையில் எப்போதாவது தமிழில் தொடங்கி, ஒரு சொல்லுக்கு முட்டி நிற்பாள். முன்பென்றால், "இங்கிலிஷிலை சொல்லன், எனக்கு வேலை கிடக்கு" என்று வெட்டிவிடுவேன். இப்போது அவளே எடுக்கட்டும் என்று காத்து நிற்கிறேன்.

வருகுது மச்சான். நேரம் எடுக்குது, ஆனால் வருகுது.